சப்டோட்டல் ஏன் இடம் மாறி விழுகிறது?

எக்செல்லில் நீளமான ஒரு பட்டியல் இருக்கிறது. ஊர் வாரியாகவோ கடை வாரியாகவோ மொத்தம் தெரிய வேண்டும். மெனுவில் ‘சப்டோட்டல்’ கண்ணில் படுகிறது, அழுத்துகிறோம். ஒரே ஊருக்கு ஐந்து இடத்தில் ஐந்து மொத்தம் வந்து நிற்கிறது. சில இடங்களில் ஒரே ஒரு வரிக்குக் கீழே அதே தொகை ‘மொத்தம்’ என்று இன்னொரு தடவை வருகிறது.

இதற்குப் பக்கத்து நாற்காலியில் இருந்து கிடைக்கும் யோசனைகள் பெரும்பாலும் இரண்டு. ‘வேண்டாத மொத்தத்தை டெலீட் பண்ணிவிடு’ என்பது ஒன்று. ‘அந்த வரியை வெட்டி, சரியான இடத்தில் ஒட்டிவிடு’ என்பது இன்னொன்று. இரண்டையுமே செய்யக்கூடாது. செய்தால் பார்வைக்குப் பட்டியல் ஒழுங்காகிவிடும், தொகை மட்டும் தப்பாக இருக்கும். பார்த்தவுடன் தெரிகிற குழப்பத்தைவிட இது மோசம்.

எக்செல் கூட்டலில் தவறுவதில்லை. ஒரு ‘குழு’ என்றால் என்ன என்று நாம் நினைப்பதும் அது நினைப்பதும் வேறு. அந்த ஒரு வித்தியாசம் புரிந்தால் போதும், இடம் மாறிய சப்டோட்டல்களில் பெரும்பாலானவற்றை நீங்களே சரிசெய்துகொள்ளலாம்.

மொய் நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள்

மதுரை, தேனிப் பக்கத்துக் கல்யாண மண்டபங்களில் வாசல் அருகே மேசை போட்டு மொய் எழுதுவார்கள். யார் முதலில் வருகிறார்களோ அவர் பெயர் முதலில் ஏறும். ஊர், பெயர், தொகை. இப்போது நிறைய இடங்களில் கம்ப்யூட்டரிலேயே ஏற்றி, கையில் ரசீதும் கொடுத்துவிடுகிறார்கள். நாளைக்கு அவர்கள் வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்ய வேண்டுமே, அதனால் இந்தக் கணக்கு பிசகக்கூடாது.

ஆறு பேர் வந்ததாக வைத்துக்கொள்வோம். வந்த வரிசைப்படி: உசிலம்பட்டி 501, செக்கானூரணி 1001, உசிலம்பட்டி 201, ஆண்டிபட்டி 501, செக்கானூரணி 201, உசிலம்பட்டி 2001. எல்லாம் சேர்த்து 4406 ரூபாய்.

‘உசிலம்பட்டி எவ்வளவு?’ என்று வீட்டுப் பெரியவரிடம் கேட்டால் நோட்டு முழுக்கக் கண்ணை ஓட்டி, மூன்று வரியையும் மனதிலேயே பொறுக்கி, 2703 என்பார். சப்டோட்டலும் இப்படித்தான் செய்யும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அது பொறுக்குவதே இல்லை.

இப்போது வேறொரு ஆளை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் கையில் ஒரு ஸ்கேல். நோட்டின் மேல் வரியில் ஸ்கேலை வைத்து, ஒவ்வொரு வரியாகக் கீழே நகர்த்துகிறார். ஒவ்வொரு தடவையும் அவர் கேட்பது ஒரே கேள்வி: ‘மேல் வரியில் இருந்த ஊர்தான் இந்த வரியிலும் இருக்கிறதா?’ ஆம் என்றால் அடுத்த வரிக்குப் போகிறார். இல்லை என்றால் அங்கே ஒரு கோடு போட்டு, அதுவரை வந்ததைக் கூட்டி எழுதிவிட்டு, புதிதாகத் தொடங்குகிறார். பத்து வரிக்கு முன்னால் இதே ஊர் வந்தது அவர் நினைவில் இருக்காது. சப்டோட்டல் இந்த ஆள்தான்.

நம் ஆறு வரிகளை அவரிடம் கொடுத்தால் என்ன ஆகும்? அடுத்தடுத்த இரண்டு வரிகளில் ஒரே ஊர் எங்குமே இல்லை. ஆக, ஆறு வரிக்கு ஆறு மொத்தம். தன் விதிப்படி அவர் செய்தது முழுக்கச் சரி.

எக்செல்லின் சப்டோட்டல் பெட்டியைத் திறந்தால் முதல் வரியே இதைச் சொல்லிவிடுகிறது: ‘அட் ஈச் சேஞ்ச் இன்’. அதாவது ‘இந்த நிரலில் மாற்றம் வரும் ஒவ்வொரு இடத்திலும்’. நிரல் என்பது மேலிருந்து கீழாக இறங்கும் ஒரு கட்ட வரிசை. நம் பட்டியலில் ஊர் ஒரு நிரல், தொகை ஒரு நிரல். ‘ஒவ்வொரு ஊருக்கும்’ என்று அந்தப் பெட்டி எங்கேயும் சொல்லவில்லை. நாமாகத்தான் அப்படிப் படித்துக்கொள்கிறோம்.

இதுவரை பார்த்ததில் மனதில் வைக்க வேண்டியது: சப்டோட்டலுக்குக் குழு என்றால், அடுத்தடுத்து இடைவெளியில்லாமல் நிற்கும் ஒரே மாதிரி வரிகள். பெயர் ஒன்றாக இருந்தாலும் தள்ளித் தள்ளி நின்றால் அது தனித்தனிக் குழு.

முதலில் அடுக்க வேண்டும்

அப்படியானால் செய்ய வேண்டியது, ஒரே ஊர்க்காரர்களை ஒன்றாக நிறுத்துவது. அதற்குத்தான் ‘சார்ட்’, அகர வரிசையில் அடுக்குவது. அடுக்கியதும் ஆண்டிபட்டி ஒரு வரி, உசிலம்பட்டி மூன்று, செக்கானூரணி இரண்டு என்று நிற்கும். இப்போது சப்டோட்டல் போட்டால் 501, 2703, 1202 என்று மூன்றே மொத்தம். கடைசியில் 4406.

அடுக்குவதற்கு முன் இரண்டு எச்சரிக்கைகள். இரண்டுமே முக்கியம் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

ஒன்று, வந்த வரிசை. மொய் நோட்டில் யாருக்குப் பின் யார் வந்தார் என்பதற்கும் ஒரு மதிப்பு உண்டு. கையால் எழுதிய நோட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் அது வேண்டும். அகர வரிசையில் அடுக்கிச் சேமித்துவிட்டால் பழைய வரிசை போனது போனதுதான். அதனால் முதல் நிரலில் 1, 2, 3 என்று வரிசை எண் போட்டுவிட்டு அப்புறம் அடுக்குங்கள். எப்போது வேண்டுமானாலும் அந்த எண்ணை வைத்துத் திரும்ப அடுக்கினால் பழையபடி வந்துவிடும்.

இரண்டாவது இன்னும் ஆபத்தானது. ஊர் நிரலை மட்டும் தேர்ந்தெடுத்து அடுக்கினால், ஊர்ப் பெயர்கள் மட்டும் இடம் மாறும், தொகைகள் பழைய இடத்திலேயே நிற்கும். ஆண்டிபட்டிக்காரர் வைத்த பணம் செக்கானூரணிக்காரர் பெயரில் போய்விடும். எக்செல் ‘பக்கத்து நிரல்களையும் சேர்த்துக்கொள்ளவா?’ என்று ஒரு முறை கேட்கும், அவசரத்தில் அதைத் தட்டிவிட்டுப் போய்விடுகிறோம். எங்கள் சொந்தத்தில் ஒரு வீட்டில் இப்படி ஆகி, நானூறு வரியையும் கையெழுத்து நோட்டைப் பார்த்து மறுபடி ஏற்ற வேண்டி வந்தது. நோட்டு இருந்ததால் கணக்கு பிழைத்தது. பட்டியலுக்குள் ஏதாவது ஒரே ஒரு கட்டத்தில் கர்சரை வைத்துவிட்டு அடுக்கினால், பட்டியல் முழுவதையும் எக்செல் தானாகவே எடுத்துக்கொள்ளும். ஆனால் நடுவில் முழுக்க வெற்றாக ஒரு வரி இருந்தால் அதோடு பட்டியல் முடிந்தது என்று எண்ணிக்கொள்ளும். அழகுக்காக விட்ட வெற்று வரிகளை முதலில் எடுத்துவிடுங்கள்.

லிப்ரே ஆபீஸ் கால்க் பயன்படுத்துகிறவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. அதன் சப்டோட்டல் பெட்டியில் ஆப்ஷன்ஸ் பக்கத்தில், குழுப்படி முன்கூட்டியே அடுக்கிக்கொள்ளச் சொல்லும் ஒரு தேர்வு இருக்கிறது. அதை டிக் செய்தால் அடுக்கும் வேலையையும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

ஏற்கெனவே சப்டோட்டல் போட்டுக் குழம்பிய பட்டியல் என்றால், அதன் மேலேயே அடுக்காதீர்கள். அதே பெட்டியைத் திறந்து, ‘ரிமூவ் ஆல்’ கொடுத்து எல்லா மொத்தங்களையும் எடுத்துவிட்டு, அப்புறம் அடுக்கி, புதிதாகப் போடுங்கள். நம் தரவில் எதுவும் போகாது, எக்செல் சேர்த்த வரிகள் மட்டும்தான் போகும்.

அடுக்கிய பிறகும் இரண்டாக வந்தால்

ஒழுங்காக அடுக்கியாயிற்று. இருந்தும் உசிலம்பட்டிக்கு இரண்டு மொத்தம் வருகிறது. இங்கேதான் பலர் சோர்ந்துபோகிறார்கள். காரணம், கண்ணுக்கு இரண்டு பெயரும் ஒன்றாகவே தெரியும்.

ஸ்கேல் வைத்திருக்கும் ஆள் பெயரைப் படிப்பதில்லை, எழுத்து எழுத்தாக ஒப்பிடுகிறார். ‘உசிலம்பட்டி’ என்று அடித்துவிட்டு, பழக்க தோஷத்தில் ஸ்பேஸ் பாரையும் ஒரு தட்டுத் தட்டியிருந்தால், அவருக்கு அது வேறு ஊர். ‘உசிலை’ என்று சுருக்கி எழுதியதும் வேறு ஊர்தான். சுருக்கமாவது கண்ணில் படும், கடைசியில் ஒட்டிக்கொண்ட வெற்றிடம் படாது.

வெற்றிடத்தை எடுக்க ‘டிரிம்’ என்ற ஃபார்முலா இருக்கிறது. ஃபார்முலா என்பது ஒரு கட்டத்துக்குள் நாம் எழுதி வைக்கும் கணக்குக் கட்டளை. பக்கத்தில் ஒரு புது நிரலில் ஊர்ப் பெயரை டிரிம் செய்து, வந்ததைக் காப்பி செய்து, பழைய நிரலின் மேல் மதிப்பாக மட்டும் ஒட்டிவிட்டால் முன்னும் பின்னும் இருந்த வெற்றிடங்கள் போய்விடும். இணையப் பக்கத்தில் இருந்து எடுத்து ஒட்டிய பெயர் என்றால் இன்னொரு வகை வெற்றிடமும் வரலாம். கம்ப்யூட்டர் ஒவ்வொரு எழுத்துக்கும் வைத்திருக்கும் எண்களில் அதன் எண் 160, டிரிம் அதைத் தொடாது. அந்த வெற்றிடத்தை ஒரு கட்டத்தில் இருந்து காப்பி செய்து, ‘ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ்’ பெட்டியில் தேடும் இடத்தில் ஒட்டி, மாற்றும் இடத்தைக் காலியாக விட்டு மாற்றுங்கள். பெயருக்கு நடுவிலும் அது வருமானால் மாற்றும் இடத்தில் சாதாரண வெற்றிடம் ஒன்றைக் கொடுங்கள்.

தமிழில் பட்டியல் போடுகிறவர்களுக்கு மட்டும் வரும் ஒரு சிக்கல் உண்டு. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகளில் இது இருக்காது என்பதால் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். ஸ்ரீவில்லிபுத்தூரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முதல் எழுத்தான ‘ஸ்ரீ’யைக் கம்ப்யூட்டருக்குள் இரண்டு விதமாக எழுதலாம். ‘ஸ’வில் தொடங்கி எழுதலாம், ‘ஶ’வில் தொடங்கியும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் திரையில் அச்சு அசலாக ஒரே வடிவம்தான். ஆனால் யூனிகோடில், அதாவது உலக மொழிகளின் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் கொடுக்கும் பொதுப் பட்டியலில், ‘ஸ’வின் எண் 3000, ‘ஶ’வின் எண் 2998. ஒருவர் போனிலும் இன்னொருவர் கம்ப்யூட்டரிலும் தட்டச்சு செய்த பட்டியல்களை ஒன்றாகச் சேர்த்தால், ஒரே ஸ்ரீவில்லிபுத்தூர் இரண்டு ஊராகிவிட வாய்ப்பு இருக்கிறது. இரண்டிலும் எழுத்துகளின் எண்ணிக்கை சமம், ஆகவே நீளத்தை அளந்தும் கண்டுபிடிக்க முடியாது. ‘யூனிகோட்’ என்ற பெயரிலேயே ஒரு ஃபார்முலா உண்டு. சந்தேகப்படும் கட்டத்துக்கு அதைப் போட்டால் முதல் எழுத்தின் எண்ணைக் காட்டிவிடும். ஓரிடத்தில் 3000, இன்னோரிடத்தில் 2998 என்று வந்தால் ஆள் பிடிபட்டார்.

இதே குடும்பத்தில் இன்னும் சில உண்டு. ‘ஔவை’ என்பதை ‘ஒ’வும் ‘ள’வும் சேர்த்து ‘ஒளவை’ என்று அடிப்பார்கள். துணைக்காலும் ‘ர’வும் சில எழுத்துருக்களில் ஒன்றுபோலத் தெரியும், மாற்றி அடித்திருப்பார்கள். பழைய பாமினி எழுத்துருவில் ஏற்றிய பட்டியல் என்றால் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள், மேலே தமிழ் வேஷம். அதை யூனிகோடுக்கு மாற்றாமல் புதிய பட்டியலோடு சேர்க்கவே கூடாது.

எழுத்துப் பிழைகளைக் கண்டுபிடிக்க எனக்குப் பிடித்த வழி ஃபில்டர், அதாவது வேண்டிய வரிகளை மட்டும் காட்டும் வசதி. ஊர் நிரலின் தலைப்பில் ஃபில்டர் போட்டு அம்புக்குறியை அழுத்தினால், அந்த நிரலில் உள்ள வெவ்வேறு பெயர்கள் எல்லாம் ஒரு பட்டியலாகத் தெரியும். ஒரே ஊர் அதில் இரண்டு தடவை இருந்தால் குற்றவாளி அங்கேதான். சப்டோட்டல் போடுவதற்கு முன்பே இதை ஒரு பார்வை பார்த்துவிட்டால் பாதி வேலை மிச்சம்.

சுருக்கமாக: அடுக்குவது வரிகளைப் பக்கத்தில் கொண்டுவரும், ஆனால் பெயர்களை ஒன்றாக்காது. பெயரை ஒன்றாக்குவது நம் வேலை. பெயரைத் திருத்தியதும் மறுபடி ஒரு தடவை அடுக்க மறக்கக்கூடாது.

இரண்டு அடுக்கு மொத்தம்

மாவட்டத்துக்கு ஒரு மொத்தம், அதற்குள் ஊருக்கு ஒரு மொத்தம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். உசிலம்பட்டியும் செக்கானூரணியும் மதுரை மாவட்டம். ஆண்டிபட்டி தேனி மாவட்டம். பெரியகுளத்தில் இருந்தும் ஒருவர் வந்திருக்கிறார், அதுவும் தேனி.

ஊரை மட்டும் வைத்து அடுக்கினால் ஆண்டிபட்டி, உசிலம்பட்டி, செக்கானூரணி, பெரியகுளம் என்று வரும். மாவட்ட நிரலைப் பாருங்கள்: தேனி, மதுரை, மதுரை, தேனி. தேனி இரண்டு துண்டு. ஸ்கேல்காரர் தேனிக்கு இரண்டு மொத்தம் போட்டுவிடுவார்.

ஆகவே அடுக்கும்போதே முதலில் மாவட்டம், அதற்குள் ஊர் என்று இரண்டு நிலை கொடுக்க வேண்டும். சார்ட் பெட்டியில் ‘ஆட் லெவல்’ என்று இருப்பது இதற்குத்தான். சப்டோட்டலும் அதே வரிசைதான்: பெரியது முதலில், சிறியது அப்புறம். மாவட்டத்துக்குப் போட்டுவிட்டு, பெட்டியை மறுபடி திறந்து ஊருக்குப் போடுங்கள். இரண்டாவது தடவை, ‘ரிப்ளேஸ் கரண்ட் சப்டோட்டல்ஸ்’ என்ற இடத்தில் உள்ள டிக்கை எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் முதலில் போட்ட மாவட்ட மொத்தங்களை அழித்துவிட்டு, ஊர் மொத்தம் மட்டும் நிற்கும். ‘முதலில் போட்டது காணாமல் போய்விட்டது’ என்று சொல்பவர்களுக்குப் பெரும்பாலும் நடந்தது இதுதான்.

மொத்தம் கீழே வராமல் மேலே வருகிறது என்றால் அதே பெட்டியில் ‘சம்மரி பிலோ டேட்டா’ என்ற டிக் எடுபட்டிருக்கும். திரும்ப வைத்தால் சரி.

வெட்டி ஒட்டினால் ஏன் கெடுகிறது

இப்போது பக்கத்து நாற்காலி யோசனைகளுக்கு வருவோம். சப்டோட்டல் வரியில் தெரியும் எண் வெறும் எண் கிடையாது. அதற்குள் ‘2ஆம் வரியில் இருந்து 4ஆம் வரிவரை கூட்டு’ என்பது போல ஒரு ஃபார்முலா இருக்கிறது. அந்த வரியை வெட்டி வேறு இடத்தில் ஒட்டினாலும், அது முன்பு எந்த வரிகளைக் கூட்டியதோ அவற்றையேதான் கூட்டும். இடம் புதிது, கணக்கு பழையது. டெலீட் செய்தாலும் அதே கதைதான். உசிலம்பட்டிக்கு மூன்று துண்டு மொத்தம் இருந்து அதில் முதல் இரண்டை அழித்தால், மிச்சமிருக்கும் ஒன்று தன் துண்டை மட்டும்தான் காட்டும். 2703 வராது, 2001தான் நிற்கும்.

அந்த ஃபார்முலாவைப் பற்றி இன்னும் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. சாதாரணமாகக் கூட்டுவதற்கு ‘சம்’ என்ற ஃபார்முலாவைப் பயன்படுத்துகிறோம். மொத்த வரியில் எக்செல் போடுவது அது இல்லை, ‘சப்டோட்டல்’ என்ற தனி ஃபார்முலா. அதற்கு முதலில் ஓர் எண் கொடுக்க வேண்டும். 9 என்றால் கூட்டு, 1 என்றால் சராசரி, இப்படி 11 வரை உண்டு. இந்த ஃபார்முலாவுக்கு ஓர் அருமையான குணம் இருக்கிறது: தன் பாதையில் இன்னொரு சப்டோட்டல் ஃபார்முலா குறுக்கிட்டால் அதைத் தாண்டிப் போய்விடும். அதனால்தான் கடைசி மொத்தம் எல்லா வரிகளையும் கூட்டினாலும், நடுவில் உள்ள ஊர் மொத்தங்களை இரண்டாம் தடவை சேர்ப்பதில்லை.

நம் பட்டியலில் கடைசி வரியில் ‘சம்’ போட்டுப் பாருங்கள். ஆட்கள் வைத்தது 4406, ஊர் மொத்தங்களும் 4406, இரண்டையும் சேர்த்து 8812 என்று காட்டும். இதைவிடக் கண்டுபிடிக்கக் கடினமானது, யாரோ ஒரே ஓர் ஊர் மொத்தத்தை மட்டும் அழித்துவிட்டு அங்கே ‘சம்’ போட்டிருப்பது. உசிலம்பட்டி வரியில் அப்படிச் செய்திருந்தால் கடைசி மொத்தம் 4406க்குப் பதில் 7109 ஆகிவிடும். இரண்டு மடங்கும் இல்லை, பாதியும் இல்லை. எங்கே இடிக்கிறது என்று தேடியே ஒரு மதியம் போய்விடும். தப்பான தொகையில் இருந்து சரியான தொகையைக் கழித்துப் பாருங்கள். 2703 என்று வரும், அது எந்த ஊரின் மொத்தமோ அங்கே போய்ப் பார்த்தால் போதும்.

ஃபில்டர் போட்டு மறைத்த வரிகளையும் இந்த ஃபார்முலா கணக்கில் சேர்க்காது. ‘நேற்று ஒரு தொகை, இன்று ஒரு தொகை காட்டுகிறதே’ என்று தோன்றினால், எங்காவது ஃபில்டர் போட்டபடி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மெனுவே மங்கலாக இருந்தால்

சப்டோட்டல் பொத்தானை அழுத்தவே முடியவில்லை என்றால், அநேகமாகப் பட்டியல் ‘டேபிள்’ ஆக மாற்றப்பட்டிருக்கும். பட்டை பட்டையாக வண்ணம் போட்டது போல் தெரிவது பெரும்பாலும் அதுதான். ‘கன்வர்ட் டு ரேஞ்ச்’ கொடுத்துச் சாதாரணப் பட்டியலாக்கிவிட்டால் பொத்தான் உயிர்பெறும். கூகுள் ஷீட்ஸில் இந்த மெனுவே கிடையாது. சப்டோட்டல் ஃபார்முலா உண்டு, ஆனால் குழுக்களை நாமே பார்த்துப் போட வேண்டும். அங்கே ‘பிவட் டேபிள்’ போடுவது சுலபம். அது ஒரே பெயர் எங்கெங்கே இருந்தாலும் பொறுக்கி எடுத்து, தனி இடத்தில் மொத்தம் காட்டும். நாம் சப்டோட்டலிடம் எதிர்பார்த்தது உண்மையில் இந்த வேலையைத்தான். அதற்கு அடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் பெயர்கள் ஒரே மாதிரி இருந்தே ஆக வேண்டும், அங்கேயும் ஸ்ரீவில்லிபுத்தூர் இரண்டாகும்.

ஊர்ப் பெயருக்காகப் பல கட்டங்களை ஒன்றாக ஒட்டியிருந்தால், அதாவது ‘மெர்ஜ்’ செய்திருந்தால், பெயர் மேல் கட்டத்தில் மட்டும்தான் உண்மையில் இருக்கும், கீழே உள்ளவை வெற்று. மெர்ஜைப் பிரித்து ஒவ்வொரு வரியிலும் பெயரை நிரப்பிவிட்டுத்தான் அடுக்க வேண்டும்.

தாமதமாக வந்தவரை எங்கே எழுதுவது

மொத்தம் எல்லாம் போட்டு முடித்த பிறகு, ஊரில் இருந்து ஒரு போன் வரும். ‘அன்றைக்கு வர முடியவில்லை, இன்றைக்கு 1001 அனுப்பியிருக்கிறேன், எழுதிக்கோப்பா.’ உசிலம்பட்டிக்காரர். மொத்த வரிக்கு நேர் மேலே ஒரு புது வரி நுழைத்து எழுதத்தான் கை போகும். ஆனால் ஃபார்முலா பழைய கடைசி வரியோடு நின்றுவிட்டிருக்கலாம், புது வரி அதற்கு வெளியே விழலாம். உசிலம்பட்டியின் முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் நடுவில் எங்காவது நுழைத்தால் எல்லை தானாக விரிந்துகொடுக்கும், மொத்தம் 3704 என்று உடனே மாறும்.

நாலைந்து பேருக்கு மேல் இப்படிச் சேர்க்க வேண்டியிருந்தால் எனக்கு அந்த வழியில் நம்பிக்கை இல்லை. ‘ரிமூவ் ஆல்’ கொடுத்து, புதியவர்களைப் பட்டியலின் கடைசியில் வரிசை எண்ணோடு எழுதி, ஃபில்டரில் ஊர்ப் பெயர்களை ஒரு தடவை சரிபார்த்து, அடுக்கி, மறுபடி போட்டுவிடுவேன்.